நெரவாரைக் கொன்றது யார்? 29-ஆம் போதனையைத் திறக்காதவர்களுக்காக

சாம்பல்நிலத்தான்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி விளையாட்டுத் தொடரின் கவசங்களைப் பற்றிய திரியில் கோயில்மணி எழுதியதை அப்படியே தருகிறேன்: "நெரவார் ரெட் மவுண்டன் போரில் டாகோத் ஊரிடம் காயம்பட்டு இறந்தார். விவெக் கொன்றார் என்பதெல்லாம் ரசிகர்கள் கட்டிவிட்ட கதை." (புதியவர்களுக்கு: டாகோத் ஊர் மாரோவிண்ட் விளையாட்டின் முதன்மை எதிரி, விவெக் அந்த நாட்டார் கும்பிடும் கடவுள்.) பேச்சு கவசத்தைப் பற்றியது என்பதால் அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே மூட மாட்டேன்.

ரசிகர்கள் கட்டிவிட்டதா? மாரோவிண்ட் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது ஐயா. விவெக் எழுதிய 36 போதனை நூல்களையும் தேடிச் சேர்த்து வையுங்கள். 29-ஆவதில் ஓர் எண் பட்டியல் வரும். ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய போதனைக்குக் கொண்டுபோய், அத்தனையாவது சொல்லை எடுத்துக் கோத்துப் பாருங்கள். கிடைப்பது இதுதான்: அவன் கடவுளாகப் பிறக்கவில்லை, விதி அவனை இந்தக் குற்றத்துக்கு இழுத்து வரவில்லை, தானாகவே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தான், தெய்வத்தன்மையைத் திருடி ஹோர்டேட்டர் என்ற போர்த்தலைவனைக் கொன்றான், இதை எழுதியவன் விவெக். 2002-இல் வந்த விளையாட்டு. இன்னும் கட்டுக்கதை என்கிறார்கள்!

கோயில்மணி

ஆரம்பித்துவிட்டார். கவசத் திரியில் நான் ஒரு வரி எழுதினால் அதற்கென்று தனித் திரி திறக்கிறார். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. கொலை செய்தவன் அதைத் தன் வேதத்திலேயே எழுதி, தன் ஊர்ப் புத்தகக் கடைகளிலேயே விற்க விடுவானா? விவெக் ஒரு கவிஞன். சொல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக அவர் போட்ட தூண்டில் அது. நீங்கள் கவ்வியிருக்கிறீர்கள். நேரடியாகப் பேசிய வாக்குமூலமும் ஒன்று இருக்கிறதே, 'ரெட் மவுண்டன் போர்' என்ற நூல். அதில் கொலை எங்கே?

சாம்பல்நிலத்தான்

அந்த நூலின் தலைப்பகுதியைப் படித்தீர்களா, இல்லை சுருக்கத்தை மட்டும் பார்த்தீர்களா? ஆஷ்லாண்டர்கள் என்ற நாடோடிகள் சொல்வதை எடுத்துக்கொண்டு மாலூர் ஓமேன் என்ற அதிருப்திப் பூசாரி விவெக்கைக் கேள்வி கேட்கிறான். அவனை விசாரிப்பது விவெக்கும் கோயிலின் விசாரணை அதிகாரிகளும் சேர்ந்து. அந்த இடத்தில் விவெக் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? வெகுகாலத்துக்கு முன் நடந்ததை யாரால் தெளிவாக நினைவுகூர முடியும் என்று! கேள்வி கேட்டவன் கைதி, பதில் சொன்னவர் கடவுள், குறிப்பெடுத்தவர்கள் அவருடைய ஆட்கள். இதுதான் உங்கள் நேரடி வாக்குமூலம்.

எதிர்ப்பக்கத்து நூலையும் படியுங்கள். அதில் நெரவாரைக் கொல்ல அவர் மனைவி அல்மலெக்சியா விஷ மெழுகுவத்தி, விவெக்கோடு சேர்ந்த இன்னொரு கடவுள் சோத்தா சில் விஷ அங்கி, விவெக் விஷ மந்திரம். மூன்று பேருக்கும் தனித்தனி வேலை. 29-ஆம் போதனைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அம்புபட்டமுழங்கால்

நான் ஸ்கைரிம் மட்டும் ஆடியவன். நெரவார் என்பவர் நாம் ஆடும் ஆளா, வேறு ஒருவரா? சண்டை போடாமல் யாராவது சொல்லுங்கள்.

நெட்ச்மேய்ப்பர்

வேறு ஒருவர் தம்பி. முதல் சகாப்தம் 700-இல் நடந்த போரில் டன்மர் என்ற மாரோவிண்ட் இனத்தின் முன்னோருக்குத் தலைவர். மாரோவிண்டில் நீ ஆடும் கைதி அவருடைய மறுபிறவி என்று பேச்சு. அதையும் யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஆஷ்லாண்டர் ஞானி நிபானி மேசா உன்னிடம், நீ 'நெரவரின்' (அந்த மறுபிறவி) இல்லை, ஆகக்கூடியவன் என்றுதான் சொல்வாள்.

இந்தத் தகராறுக்கு என் பதில்: இரண்டுமே உண்மை. லோர்கன் என்ற இறந்த கடவுளின் இதயத்தைத் தொட்ட பிறகு மூவரும் என்றுமே கடவுளாக இருந்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு கடந்தகாலத்தில் விவெக் கொன்றார், இன்னொன்றில் கொல்லவில்லை. தொடரின் முந்தைய விளையாட்டான டாகர்ஃபாலிலும் இதேதான் நடந்தது. 1996-இல் வந்த அந்த விளையாட்டில் நுமிடியம் என்ற ராட்சத இயந்திரத்தை யாரிடம் சேர்க்கிறோமோ அதற்கேற்ற முடிவு. மன்னிமார்கோ, அண்டர்கிங், ஓர்சினியத்தின் கோர்ட்வோக், பிளேட்ஸ், மூன்று அரசுகள். பிறகு வந்த விளையாட்டுகளில் எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர்தான் டிராகன் பிரேக்.

சாம்பல்நிலத்தான்

எதிர்பார்த்தேன். பதில் இல்லாதவர் கடைசியில் ஏறும் வண்டி டிராகன் பிரேக். எந்த முடிவைத் தொடர்வது என்று எழுத்தாளர்களுக்குத் தீர்மானிக்க முடியவில்லை, எல்லாமே நடந்தது என்றார்கள். புத்திசாலித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒவ்வொரு கொலைக்கும் அதைக் கொண்டுவருவீர்களா? 29-ஆம் போதனையில் "தானாகவே தேர்ந்தெடுத்தான்" என்று இருக்கிறது. ஒருவேளை தேர்ந்தெடுத்தான், ஒருவேளை இல்லை என்று இல்லை.

கோயில்மணி

29, 29, 29. வேறு எண் தெரியாதா?

ஹோர்டேட்டரைக் கொன்றான் என்றுதானே வருகிறது? ஹோர்டேட்டர் என்பது பதவி. ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி மூன்று குடிகளும் ஆடுபவரையே ஹோர்டேட்டர் ஆக்குகிறார்களே. நெரவார் என்ற பெயர் அந்த வரியில் எங்கே?

சாம்பல்நிலத்தான்

அப்படியானால் விவெக் கொன்றது நம்மையா? நாம்தான் உயிரோடு அவர் முன்னால் நின்று ரெய்த்கார்ட் என்ற மந்திரக் கையுறையைக் கையில் வாங்குகிறோமே! முப்பத்தாறு போதனைகளில் ஹோர்டேட்டர் என்று வரும் இடமெல்லாம் யாரைக் குறிக்கிறது என்று ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள். அவற்றில் பலவும் திறன் ஏற்றும் புத்தகங்கள் என்பதால் திறந்தவுடன் மூடியிருப்பீர்கள்.

டாகோத் ஊர் கொன்றான் என்கிறீர்களே, அவன் பக்கத்தையும் கேளுங்கள். இலுனிபி குகையில் அவனுடைய ஆள் டாகோத் காரெஸ் நமக்கு அவன் அனுப்பிய செய்தியைச் சொல்வான். ஒருகாலத்தில் நாம் நண்பர்கள், சகோதரர்கள். நீ என்னைச் சத்தியம் வாங்கிக் காக்கச் சொன்ன பொருளைக் காத்துக்கொண்டிருந்தபோது ரெட் மவுண்டனின் அடியில் நீயே என்னை வெட்டி வீழ்த்தினாய் என்று. வெட்டு வாங்கியவன் அவன். கொன்றவன் பேச்சா இது?

கோயில்மணி

அதே குகையில் அடுத்த நிமிடம் உங்களுக்குக் கார்ப்ரஸ் நோயைக் கொடுக்கிறானே, அவன் பேச்சை மட்டும் நம்புவீர்கள். விவெக் சொன்னால் பொய், டாகோத் ஊரின் ஆறாம் குடி சொன்னால் சத்தியம். நல்ல நீதி.

அலாண்ட்ரோ சூலையும் இழுப்பீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். நெரவாரின் மெய்க்காவலன், பிறகு ஆஷ்லாண்டர்களோடு போய் வாழ்ந்தவன். அவன் சொன்னதாக அவர்கள் சொல்ல, அதை அதிருப்திப் பூசாரிகள் ஹோலமாயன் மடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இடையில் எத்தனை தலைமுறை? அது வரலாறா?

பறக்கும்பூட்ஸ்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஹோலமாயன் என்றதும் நினைவு வந்தது. அந்தக் கதவு விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான் திறக்கும். இப்போது வரும் விளையாட்டுகளில் இப்படி ஒரு கதவு வைக்கத் துணிச்சல் உண்டா? அம்புக்குறி காட்டும் இடத்துக்கு ஓடு, கதவைத் திற, பெட்டியை எடு. அன்றைக்கு "மலையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு" என்று எழுதியிருப்பதை நம்பி அலைந்தோம். பறக்கவும் முடிந்தது. அடுத்து வந்த ஆப்லிவியன் விளையாட்டில் பறப்பதையே எடுத்துவிட்டார்கள்.

அம்புபட்டமுழங்கால்

பறப்பதற்குச் சட்டத்தில் தடை என்று எங்கோ படித்தேனே?

பறக்கும்பூட்ஸ்

மூன்றாம் சகாப்தம் 421-இல் போட்ட சட்டமாம். மாரோவிண்ட் நடப்பது 427-இல். ஆறு வருடம் கழித்தும் டெல்வானி மந்திரவாதிகள் படிக்கட்டே இல்லாத கோபுரத்தில் பறந்து ஏறி இறங்குகிறார்கள். சட்டமா அது?

நெட்ச்மேய்ப்பர்

மாரோவிண்டுக்குப் பேரரசோடு தனி ஒப்பந்தம். அடிமை முறையையே வைத்துக்கொண்டார்கள், பறப்பதையா விடுவார்கள்? உண்மைக் காரணம் வேறு. ஆப்லிவியனில் நகரங்கள் தனிப் பகுதியாக ஏற்றப்படும். மதிலுக்கு மேல் பறந்தால் உள்ளே ஊரே இருக்காது. ட்ரிப்யூனல் விரிவாக்கத்தில் மோர்ன்ஹோல்டிலும் இதே கதைதான், பறக்க விடமாட்டார்கள். அதற்கு மேல் பூசிய சுண்ணாம்புதான் 421-ஆம் ஆண்டுச் சட்டம்.

பறக்கும்பூட்ஸ்

சுண்ணாம்பு என்று நான்தானே சொன்னேன்! ஒப்பந்தம் என்று முதலில் முட்டுக் கொடுத்தது நீங்கள்.

நெட்ச்மேய்ப்பர்

முட்டுக் கொடுக்கவில்லை, இரண்டு காரணமும் உண்மை என்கிறேன்.

சாம்பல்நிலத்தான்

உங்களுக்கு எல்லாமே இரண்டும் உண்மைதான்.

பறப்பதற்கு வேறு திரி திறந்துகொள்ளுங்கள். கோயில்மணி இன்னும் பதில் சொல்லவில்லை. 29-ஆம் போதனையின் அந்த வரி விளையாட்டுக்குள் இருக்கிறதா, இல்லையா?

வாசகன்மட்டும்

ஒரு யோசனை. விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகம், பாத்திரம் வாயால் சொல்வது, எழுத்தாளர் வெளியே எழுதியது, இவற்றில் எதை அதிகாரபூர்வம் என்று எடுத்துக்கொள்வது? அதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பேசலாமா?

கோயில்மணி

இருக்கிறது, தூண்டிலாக இருக்கிறது. எத்தனை தடவை சொல்வது?

விவெக் எப்படிப்பட்டவர் என்று பார்க்க அவருடைய ஊரைப் பாருங்கள். பார் டாவ் என்ற விண்கல் ஊரின் மேல் விழ வந்தபோது அந்தரத்தில் நிறுத்தி மக்களைக் காப்பாற்றியவர் அவர். அப்படிப்பட்டவரைக் கொலைகாரன் என்கிறீர்கள்.

சாம்பல்நிலத்தான்

வாருங்கள், இதற்குத்தான் காத்திருந்தேன். நிறுத்தினார், சரி. அப்புறம்? அகற்றினாரா? இல்லை. கோயிலுக்கு நேர் மேலே அப்படியே தொங்கவிட்டார். மக்கள் தன்மேல் வைத்த அன்பு போனால் அதுவும் விழும் என்று சொல்லி வைத்தார். கல்லைக் குடைந்து உள்ளே சத்திய அமைச்சகம் என்று ஒரு சிறையும் வைத்தார்கள். பூசாரிகளை அடைத்துச் சித்திரவதை செய்ய. மெஹ்ரா மைலோவை நாம் போய் மீட்பது அங்கிருந்துதான். காலை எழுந்து தலையை நிமிர்த்தினால் கல், அதற்குள் சிறை. அதற்கடியில் நின்று எவன் விவெக்கைக் கொலைகாரன் என்பான்?

ஸ்கைரிம் தம்பிக்கும் சொல்கிறேன். விவெக் காணாமல் போன பிறகு, நான்காம் சகாப்தம் 5-இல் அந்தக் கல் விழுந்தது, ரெட் மவுண்டன் வெடித்தது. நீ டிராகன்பார்ன் விரிவாக்கத்தில் சோல்ஸ்தைமில் மிதித்த சாம்பல் அந்த எரிமலையுடையது.

அம்புபட்டமுழங்கால்

ஓ! ரேவன் ராக்கில் தெருவெல்லாம் சாம்பலாக இருந்தது அதனாலா? நான் ஏதோ கிராபிக்ஸ் கோளாறு என்று மோட் (விளையாட்டை மாற்றும் கோப்பு) போட்டு அழித்துவிட்டேன்.

பறக்கும்பூட்ஸ்

இந்தத் தலைமுறையை என்ன சொல்வது.

அம்புபட்டமுழங்கால்

ஏன் அண்ணே, உங்கள் மாரோவிண்டில் எதிரே நிற்கும் எலியை வாளால் வெட்டினால் வாள் உடம்பில் படுகிறது, ஆனால் பகடையில் தோற்றுவிட்டதாம், அடி விழவில்லையாம். அதைவிட என் மோட் மோசமா?

பறக்கும்பூட்ஸ்

திறனே இல்லாத ஆயுதத்தைத் தூக்கினால் படாதுதான். களைப்புக் கோடு காலியாக ஓடிவந்து வெட்டியிருப்பாய். அது விளையாட்டின் தவறா?

கோயில்மணி

பார் டாவ் விவெக் இருந்தவரை விழவில்லை, போனபின் விழுந்தது. நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்.

சாம்பல்நிலத்தான்

துப்பாக்கியை நெற்றியில் வைத்திருப்பவன் சுடாதவரை உயிர்காத்தவன் என்று அர்த்தமா?

இவரோடு பேசுவதே இப்படித்தான். ட்வெமர் இனத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை என்று போன வருடம் இங்கேயே அடித்துச் சொன்னார். யக்ரம் பகார்ன், டெல் ஃபிர் கோபுரத்தின் அடியில், கார்ப்ரஸ் நோயாளிகளுக்கு நடுவில், சிலந்திக் கால் பூட்டிய இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். ஆளைக் காணோம். இரண்டு நாள் கழித்து வேறு திரியில் வந்து கவசம் பேசினார்.

கோயில்மணி

ஒரே ஒருவர், அதுவும் நோயாளி. இனம் அழிந்தது என்றால் அழிந்ததுதான். அதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான் வேடிக்கை.

சாம்பல்நிலத்தான்

அந்த ஒரு நோயாளியால்தான் விவெக்கைக் கொன்றுவிட்டும் முதன்மைக் கதையை முடிக்க முடிகிறது. ரெய்த்கார்டை அவரிடம் கொண்டுபோனால் எப்படியோ ஒட்டுப்போட்டுத் தருவார். மாட்டினால் உயிர்க்கோடு நிரந்தரமாகக் குறையும், ஆனால் வேலை செய்யும். விளையாட்டை உருவாக்கியவர்களே விவெக்கைக் கொல்ல ஒரு வழி விட்டிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள்? யோசியுங்கள்.

நெட்ச்மேய்ப்பர்

ஏன் என்றால் மாரோவிண்டில் யாரை வேண்டுமானாலும் கொல்லலாம், ஐயா. முதன்மைக் கதையில் நமக்கு வேலை தரும் கயஸ் கொசாதெஸைக்கூட. கொன்றால் தீர்க்கதரிசனத்தின் நூல் அறுந்தது என்று ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். இதில் நீதித் தீர்ப்பெல்லாம் இல்லை.

சாம்பல்நிலத்தான்

கயஸுக்கும் விவெக்குக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது.

சரி, அல்மலெக்சியாவைப் பாருங்கள். ட்ரிப்யூனலில் சோத்தா சில்லைக் கொன்றது அவள்தான், நம்மையும் பொறியில் இழுத்துக் கொல்லப் பார்த்தாள். கூடவே இருந்த கடவுளைக் கொன்றவள் கணவனுக்கு விஷ மெழுகுவத்தி வைக்கத் தயங்குவாளா?

கோயில்மணி

அது சக்தி போய்ப் புத்தி கலங்கிய பிறகு. ஆயிரக்கணக்கான வருடங்கள் கழித்து. பைத்தியம் பிடித்தவள் பின்னாளில் செய்ததை வைத்து முன்னாளில் செய்ததை நிரூபிப்பீர்களா? அதுவும் விவெக் செய்ததை?

பறக்கும்பூட்ஸ்

டார்ஹியல் நினைவிருக்கிறதா யாருக்காவது? செய்டா நீன் பக்கத்தில் வானத்திலிருந்து கத்திக்கொண்டே விழுந்து சாவானே. அவனிடம் மூன்று மந்திரச் சுருள்கள், குதிக்கும் திறன் 1000, ஏழு நொடி. குதிக்கும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். பறக்கத் தடைச் சட்டம் வேண்டுமென்றால் அவனைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம்.

நெட்ச்மேய்ப்பர்

மூன்றில் இரண்டாவது சுருளை இறங்குவதற்குச் சற்று முன் படித்தால் சாகமாட்டோம். அவனுக்கு அது தெரியவில்லை.

பறக்கும்பூட்ஸ்

சொல்லிக்கொடுங்கள், எனக்கா தெரியாது.

கோயில்மணி

நான் கேட்டதற்கு சாம்பல்நிலத்தான் பதிலே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கொன்றவன் தன் வேதத்தில் எழுதி வைப்பானா?

சாம்பல்நிலத்தான்

எழுதி வைத்திருக்கிறானே! வைப்பானா என்று கேட்கிறீர்கள், 29-ஆவதைத் திறந்து பாருங்கள் என்கிறேன். முதல் பதிவிலிருந்து அதையேதான் சொல்கிறேன்.

கோயில்மணி

திறந்துதான் வைத்திருக்கிறேன். ஆறாவது போதனையில் எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள், தலைப்பையும் சேர்த்தா?

சாம்பல்நிலத்தான்

இப்போது எண்ணிக்கையில் தகராறு. வாருங்கள், ஒவ்வொன்றாக எண்ணுவோம்.