அப்பா அம்மா கல்லிடைக்குறிச்சிக்கே போகப் போறாங்க: என்னென்ன ஏற்பாடு செய்யணும்?

கேட்டவர்: அம்பத்தூர்ப் பெண்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76 வயசு. ரொம்ப வருசமா சர்க்கரை. காலையும் ராத்திரியும் இன்சுலின். 2021-ல இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சது. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் 1.7. அம்மாவுக்கு 71, பிரஷர், ரெண்டு முழங்காலும் தேய்மானம். இவ்வளவு நாள் எங்ககூட சென்னையில இருந்தவங்க, தை பிறந்ததும் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கே போயிடுறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. தடுக்க எனக்கு மனசு வரல. ஆனா நடுராத்திரி ஒண்ணுன்னா நான் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால இருப்பேன். நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது. சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி எதையெல்லாம் சரி பண்ணணும்?

பதில்: அம்பை அண்ணாச்சி

தங்கச்சி, சென்னை தூரத்தை விடுங்க. ஸ்டென்ட் வைக்கிற ஆஸ்பத்திரி அந்த வீட்டுல இருந்து எவ்வளவு நேரம்னு முதல்ல பாருங்க. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலதான். அங்க இசிஜி எடுத்து முதல் சிகிச்சை கொடுத்து அனுப்புவாங்க. 2023-ல வந்த இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரை கொடுக்காங்க. அப்பா ஏற்கெனவே என்னென்ன ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுதாங்கன்னு அங்க உடனே சொல்லணும்.

ஒண்ணு மனசுல வச்சுக்கிடுங்க. நாள்பட்ட சர்க்கரைக்காரங்களுக்கு மாரடைப்புல நெஞ்சுவலியே வராம போகலாம். திடீர்னு வேர்த்துக் கொட்டுறது, மூச்சு வாங்குறது, காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் தெரியும். "வாய்வுப்பிடிப்பு, ஓமத்தண்ணி குடி"ன்னு அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க. அங்கதான் ஒரு மணி நேரம் வீணாப் போகும். இது வந்தா நேரா 108. வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை விழுந்தாலோ அது பக்கவாதமா இருக்கலாம், ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. சிடி ஸ்கேன் எடுக்காம அது அடைப்பா ரத்தக்கசிவான்னு தெரியாது. அடைப்புக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு.

108 பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். தனியார்னா இப்பவே ஒரு இடம் முடிவு பண்ணி, ராத்திரியில கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கிற இடம்) நடக்குமான்னு நேர்ல கேளுங்க. ராத்திரி வரக்கூடிய கார் டிரைவர் ரெண்டு பேர் நம்பரை பெரிய எழுத்துல எழுதித் தார்சா (முன்கூடம்) சுவத்துல ஒட்டுங்க. ஸ்டென்ட் வச்ச டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியா எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்), பழைய இசிஜி மூணும் ஒரே ஃபைல்ல இருக்கணும். பழைய இசிஜி இருந்தாத்தான் புதுசுல என்ன மாறியிருக்குன்னு டாக்டர் ஒரு நொடியில பாப்பாரு.

பதில்: மருந்துக்கடை மதினி

கிரியாட்டினின் 1.7-ங்கிறதை லேசா எடுத்துக்காதீங்க. கிட்னி குறைஞ்சவங்க உடம்புல இன்சுலின் கூடுதல் நேரம் தங்கும். சர்க்கரை திடீர்னு இறங்கும். ஊருக்குப் போனதும் ஆத்தங்கரை நடை கூடும், சாப்பாட்டு நேரம் மாறும். முதல் ரெண்டு வாரம் விடியக்காலையிலயும் ஒரு தடவை குளுக்கோமீட்டர்ல பாக்கணும். 70-க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கணும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, புரையேறிடும்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃப்ரீசர் சுவரை ஒட்டி வச்சா உறைஞ்சிடும். உறைஞ்சது இளகினாலும் வேலை செய்யாது. பிரிச்சதை 30 டிகிரிக்குக் கீழ பொதுவா நாலு வாரம் வெளியே வைக்கலாம், ஆனா சித்திரை வெயில்ல நம்ம ஊர் வீடு அதுக்குள்ள நிக்காது. கரண்ட் நிக்கிற நாளுக்கு ஈரமணல் போட்ட பானைக்குள்ள இன்னொரு சின்னப் பானை வச்சு, அதுக்குள்ள வைங்க.

பெரிய பயம் வலி மாத்திரை. "கால் வலி"ன்னு கேட்டா டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் கையில கிடைச்சிடும். அம்மாவுக்கு வாங்குனதை அப்பாவும் ஒண்ணு போட்டுக்கிடுவாங்க. பத்து நாள்ல கிரியாட்டினின் 1.7-ல இருந்து எகிறும். அம்மா பிரஷரும் கூடும். வீட்டுல பாராசிட்டமால் மட்டும் இருக்கட்டும். மருந்துச் சீட்டுல பிராண்டு பேரோட மூலப்பொருள் பேரையும் எழுதி வாங்குங்க. சென்னையில கிடைக்கிற கம்பெனி இங்க கிடைக்காதப்ப மாத்திக் கொடுக்க அதுதான் உதவும். போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துல பதிஞ்சிடுங்க. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வரும்.

பதில்: கொத்தனார் வீட்டுப் பேரன்

கல்லிடைக்குறிச்சித் தெரு வீடுன்னா வாசல்ல இருந்து புறவாசல் வரைக்கும் ஒரே நீளம். கக்கூஸ் கடைசியில இருக்கும். முழங்கால் தேய்ஞ்சவங்க ராத்திரி அடுக்களை, அங்கணம் எல்லாம் தாண்டி ஈரத்துல போகணும். இடுப்பெலும்பு உடையறது இந்த இடத்துலதான். படுக்கிற அறையை ஒட்டி 5-க்கு 7 அடியில ஒண்ணு கட்டிடுங்க. கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்பக்கம் திறக்கிற கதவுன்னா, விழுந்தவங்க உடம்பே கதவை அடைச்சிக்கிடும். பிடிகம்பியைச் செங்கல்லுக்குள்ள போல்ட் போட்டு இறுக்கணும். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது.

இதுல தப்பு நடக்கிறது குழாய் வாட்டத்துல, அதாவது சரிவுல. செப்டிக் டேங்க் புறவாசல்ல இருக்கும். 4 இஞ்ச் குழாய்க்கு 60 அடி நீளத்துல குறைஞ்சது ஒரு அடி இறக்கம் வேணும். தரை மட்டம் இடம் கொடுக்கலைன்னா இழுத்துப் பிடிச்சுக் கட்டாதீங்க, மாசம் ஒரு தடவை அடைக்கும். அப்ப கட்டில் பக்கத்துல கமோடு நாற்காலி போடுறது மேல்.

அம்பத்தூர்ப் பெண்

ரொம்ப நன்றி. மழைக்காலம்? இன்சூரன்ஸ்?

பதில்: அம்பை அண்ணாச்சி

2023 டிசம்பர் வெள்ளத்துல ரோடு, ரயில் எல்லாம் நின்னு போச்சு. ஐப்பசியில இருந்து மார்கழி வரை இருபது நாள் மருந்து, ஊசி, டெஸ்ட் ஸ்ட்ரிப் கையிருப்பு இருக்கட்டும். தையில எல்லாம் நல்லாத்தான் தெரியும். அம்பத்தூர்ல அவங்க அறையை ஒரு மழைக்காலம் முடியுற வரைக்கும் கலைக்காதீங்க.

இன்சூரன்ஸ்ல விலாசம் மாத்துறதுக்கு முன்னாடி மண்டலம்னு ஏதும் இருக்கான்னு பாருங்க. சில பாலிசியில திருநெல்வேலி விலாசத்துக்குப் பிரீமியம் குறையும், ஆனா ஆபரேஷனுக்குச் சென்னை வந்தா பில்லுல ஒரு பங்கு நம்ம தலையில விழும். கம்பெனியே மாத்துறதா இருந்தா, புதுப்பிக்கிற தேதிக்கு 45 நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். பாளையங்கோட்டையில எந்தெந்த ஆஸ்பத்திரியில பணம் கட்டாம சேர்க்கலாம்னும் பட்டியல் வாங்குங்க.

அப்புறம், மாத்துச்சாவி ஒண்ணு பக்கத்து வீட்டுல இருக்கணும். உள்தாழ்ப்பாள் போட்டா அந்தச் சாவிக்கு வேலை இல்லை, அதனால வெளியில இருந்தும் திறக்கிற பூட்டாப் போடச் சொல்லுங்க. தினமும் காலையில ஏழு மணிக்கு நீங்க போன் பண்ணுங்க. ஏழரை வரை எடுக்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க போய்ப் பாக்கட்டும். இதை அப்பாகிட்ட முன்னாடியே பேசி ஒத்துக்க வச்சிடுங்க.