கீபோர்டைக் கிட்டார் ப்ராசஸர்ல மாட்டினா எரிஞ்சுடுமா?

வெள்ளைக்கட்டை:
நேத்து வேற ஒரு இழையில கன்சோல்காரன் எழுதினது இது: “கிட்டார் மல்டி எஃபெக்ட்ஸ்ல (சவுண்டுக்கு எஃபெக்ட் சேக்கற ப்ராசஸர்) கீபோர்டு மாட்டவே கூடாது. அதோட இன்புட் 1 மெகா ஓம் (10 லட்சம் ஓம்). கீபோர்டு அவுட் சில நூறு ஓம். மேட்ச் ஆகாது, ப்ராசஸர் எரிஞ்சுடும்.”

இதைப் படிச்சுட்டு எங்க க்வையர்ல ரெண்டு பேர் பயந்துபோய்க் கேட்டாங்க. நான் நாலு வருஷமா சர்ச்ல பாஸ் ஜிடி-1ங்கற கிட்டார் ப்ராசஸர் வழியாத்தான் கீபோர்டு வாசிக்கிறேன். எரியல. கீபோர்டுல எல்/மோனோ ஜாக்ல ஒரே ஒரு கேபிள், வால்யூம் பாதிக்கும் கீழ, ஆம்ப் மாடலிங் (கிட்டார் ஆம்ப் சவுண்டைக் காப்பியடிக்கறது) ஆஃப். டிலே, ரிவெர்ப், ஆர்கனுக்கு ரோட்டரி (சுத்தற ஸ்பீக்கர் எஃபெக்ட்), அவ்வளவுதான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி ஏன் பயமுறுத்தறீங்க?

கன்சோல்காரன்:
தங்கச்சி, 22 வருஷமா மிக்ஸிங் கன்சோல்ல நிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காலேஜ், எல்லாம் பாத்தாச்சு. 1 மெகா ஓம்னு நான் சொல்லல, கம்பெனிக்காரனே போட்டிருக்கான். கிட்டாருக்குன்னு செஞ்சதைக் கிட்டாருக்கு வெச்சுக்கணும். சர்ச்ல மெதுவா வாசிக்கிறதை வெச்சு மேடைக் கச்சேரிக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

வெள்ளைக்கட்டை:
தங்கச்சின்னு கூப்பிடாதீங்க சார். ஈஸ்டர் ஆராதனைக்கு வந்து கேட்டா மெதுவா வாசிக்கிறோமான்னு தெரியும்.

ஆறுகம்பி:
என் ப்ராசஸர்ல எந்தக் கீபோர்டுக்காரனையும் கை வைக்க விடமாட்டேன். போன தடவை ஒருத்தர் என் லீட் டோனை அழிச்சு அதுமேல அவர் டோனை சேவ் பண்ணிட்டுப் போனார். மூணு மாச உழைப்பு.

ஆனா இம்பீடன்ஸ்ல (ஓம்ல அளக்கற இந்த மின்தடை) வெள்ளைக்கட்டை சொல்றதுதான் சரி. கிட்டார் பிக்கப் ஒரு காயில். குறைஞ்ச ஓம்ல மாட்டினா ட்ரெபிள் செத்துப்போகும், அதுக்காகத்தான் 1 மெகா ஓம் வைக்கிறாங்க. கீபோர்டு அவுட் 1000 ஓம்னே வைங்க, அது 10 லட்சம் ஓமுக்குள்ள போனா சிக்னல்ல ஆயிரத்துல ஒரு பங்குகூடக் குறையாது. பாக்க வேண்டியது லெவல். ப்ரொஃபஷனல் லைன் லெவல் (மிக்ஸர் மாதிரி கருவிகளோட சிக்னல் அளவு) 1.23 வோல்ட். கிட்டார் சாதாரணமா அதுக்கு ரொம்பக் கீழ. ஃபுல் வால்யூம்ல விட்டா சவுண்டு கிழியும். கிழியறது வேற, எரியறது வேற.

கன்சோல்காரன்:
கணக்கு நல்லாத்தான் இருக்கு. 8 ஓம் ஆம்ப்ல 2 ஓம் ஸ்பீக்கர் மாட்டுங்க, கணக்கு காப்பாத்துதான்னு பாப்போம். மேட்ச் ஆகணும்னா ஆகணும். இங்க 1 மெகா ஓம், அங்க சில நூறு ஓம். எத்தனை மடங்கு வித்தியாசம்?

ஆறுகம்பி:
அண்ணே, அங்க ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கரண்டைத் தள்ளுது. ஸ்பீக்கர் ஓம் குறைஞ்சா ஆம்ப் சூடாகும். இங்க லோடு 10 லட்சம் ஓம், கரண்டே போகாது. நீங்க சொல்ற வித்தியாசம்தான் ப்ராசஸருக்குப் பாதுகாப்பே. டீப் பர்ப்பிள் ஜான் லார்ட் ஹேமண்ட் ஆர்கனையே மார்ஷல் கிட்டார் ஆம்ப்ல விட்டு வாசிச்சவர். ஒண்ணும் எரியல.

கன்சோல்காரன்:
அது வால்வு ஆம்ப். வால்வு தாங்கும். டிஜிட்டல் தாங்காது. வெள்ளைக்காரன் பேரைச் சொன்னா நான் அடங்கிடணுமா?

வெள்ளைக்கட்டை:
டிஜிட்டல் கிளிப் ஆனா (லெவல் மீறி சவுண்டு கிழிஞ்சா) காதுக்கு அசிங்கமா இருக்கும், அதை நானே ஒத்துக்கறேன். வால்யூமைக் குறைச்சா சரியாயிடும். லைன் 6 கம்பெனியோட ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் ப்ராசஸர்ல இன்ஸ்ட்ருமென்ட், லைன்னு இன்புட் லெவலை மாத்தவே செட்டிங் குடுத்திருக்கான். லைன் லெவல்ல எதைத்தான் மாட்டச் சொல்றான்?

இன்னொண்ணு. கீபோர்டு போட்டா டல் அடிக்குதுன்னு எல்லாரும் இம்பீடன்ஸைத் திட்டறாங்க. காரணம் ஸ்பீக்கர் சிமுலேஷன். கிட்டார் ஸ்பீக்கர் கேபினட்ல 5000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா ஒண்ணும் வராது, அதையே அது அப்படியே காப்பியடிக்குது. முதல் நாள் என் பெல் டோன் கம்பளி போத்தின மாதிரி இருந்துச்சு. அந்த ஒரு பிளாக்கை ஆஃப் பண்ணேன், மணி மணியா விழுந்துச்சு.

கன்சோல்காரன்:
எரியறதை நான் கண்ணால பாத்தவன். ரெண்டு வருஷம் முன்ன ஒரு பொங்கல் விழா. கீபோர்டுக்காரர் கிட்டார் ப்ராசஸர்ல மாட்டினார். அஞ்சு நிமிஷத்துல டிஸ்ப்ளே போச்சு, கருகின வாசனை. இதுக்கு என்ன சொல்றீங்க?

பேடுகாரன்:
அந்த மேடையில நானும் இருந்தேன் அண்ணே. எரிச்சது கீபோர்டு சிக்னல் இல்ல. ப்ராசஸருக்கு வேண்டியது 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ் (பின்னோட நடுவுல மைனஸ்). அவசரத்துல கீபோர்டோட 12 வோல்ட் சென்டர் பாசிட்டிவ் அடாப்டரை அதுல குத்திட்டாங்க. ரெண்டு பின்னும் ஒரே சைஸ், அதான் உள்ள போயிடுச்சு. குத்தினது உங்க அசிஸ்டென்ட்.

கன்சோல்காரன்:
என் பையனை இழுக்காதே. மேடையில பவர் குடுக்கறது எங்க வேலை, அடாப்டரை எடுத்து நீட்டினது உங்க ட்ரூப். அடாப்டரே சரியா இருந்தாலும் அது போயிருக்கும். 1 மெகா ஓம் தம்பி.

பேடுகாரன்:
அப்போ அந்த கிட்டார்காரருக்கு ரிப்பேர் காசு யார் குடுத்தா? அவரே குடுத்தார். அன்னிக்கு என்கிட்ட வாங்கின ரெண்டு 20 அடி கேபிள் இன்னும் உங்க பெட்டியிலதான் இருக்கு. நீல டேப் சுத்தினது.

கன்சோல்காரன்:
நீல டேப் சுத்தின கேபிள் என்கிட்ட எதுவும் இல்ல.

ஆறுகம்பி:
கேபிளை அப்புறம் பேசுங்க. கிட்டார்ல இருந்து 20 அடி கேபிள் இழுத்தா ட்ரெபிள் குறையும், கீபோர்டுல குறையாது. அவுட்புட் இம்பீடன்ஸ் கம்மியா இருக்கறதாலதான். அதுகூட இவர் சொல்றதுக்கு நேர் எதிர்.

வெள்ளைக்கட்டை:
சார், நேரடியா கேக்கறேன். கீபோர்டு சிக்னலால எரிஞ்ச ஒரே ஒரு ப்ராசஸர், அடாப்டர் கதை இல்லாம, சொல்லுங்க.

கன்சோல்காரன்:
டிஐ பாக்ஸ் எதுக்கு இருக்கு? கீபோர்டை நேரா எதுலயும் மாட்டக் கூடாதுன்னுதானே?

வெள்ளைக்கட்டை:
டிஐ பாக்ஸ் கன்சோலுக்கு நீளமா கேபிள் இழுக்கறப்போ இரைச்சல் ஏறாம இருக்க. ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தா எர்த் ஹம்மும் போகும். கேட்டதுக்கு பதில் வரல.

கன்சோல்காரன்:
நீங்க பிறக்கறதுக்கு முன்னயே நான் ஜாக் சால்டர் பண்ணவன். அப்படின்னா 1 மெகா ஓம்னு ஏன் போட்டிருக்கான்? அதுக்கு முதல்ல யாராவது பதில் சொல்லுங்க.

ஆறுகம்பி:
மேல எழுதியிருக்கேன் அண்ணே. பிக்கப்.

கன்சோல்காரன்:
பிக்கப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கீபோர்டுல பிக்கப் இருக்கா?

பேடுகாரன்:
ஞாயித்துக்கிழமை உங்க கடைக்கு வரேன் அண்ணே. பெட்டியைத் திறந்து காட்டுங்க, கேபிள் இருக்கான்னு பாத்துடலாம்.