சுண்டெலியின் இதயத் தசை விறைப்பை எம்.ஆர்.ஐ. கொண்டு அளக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். பெருந்தமனியை இறுக்கிக் கட்டி இதயச் சுவரைத் தடிக்கச் செய்த சுண்டெலிகளில், தசையின் விறைப்பு வாரந்தோறும் எப்படிக் கூடுகிறது என்பதைப் பின்தொடர விரும்புகிறேன். இதயத்துக்குள் கதீட்டரைச் செலுத்தி அளந்தால் பெரும்பாலும் அந்த விலங்கை மறுபடி அளக்க முடிவதில்லை. ஈரலுக்குப் பயன்படும் எம்.ஆர். எலாஸ்டோகிராபியை (உடலை வெளியிலிருந்து அதிரச் செய்து, திசுவில் பரவும் அலையை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து விறைப்பைக் கணக்கிடும் முறை) அதே 60 ஹெர்ட்ஸ் அதிர்வில் இங்கும் பயன்படுத்தலாமா?

பதில் 1:
60 ஹெர்ட்ஸ் இதற்குப் பொருந்தாது. சறுக்குப்பெயர்ச்சி அலையின் (தான் செல்லும் திசைக்குக் குறுக்காகத் திசுவை அசைக்கும் அலை) வேகத்தை வர்க்கப்படுத்தித் திசுவின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு கிடைக்கும் என்பதே, 1995-இல் ராஜா முத்துப்பிள்ளையும் மேயோ கிளினிக் குழுவினரும் வெளியிட்ட இம்முறையின் எளிய அடிப்படை. விறைப்பு 5 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் அலை வினாடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்லும். 60 ஹெர்ட்ஸில் அலைநீளம் 37 மில்லிமீட்டர். சுண்டெலியின் இடது கீழறைச் சுவரோ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்; அவ்வளவு நீண்ட அலையின் மிகச் சிறு பகுதியே அதில் அடங்கும். 400 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் அலைநீளம் 5.6 மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் அதிர்வெண் கூடக்கூட அலை விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், மார்புச் சுவரைத் தாண்டியும் இதயத்தை எட்டும் வலு அதிர்வூட்டிக்கு இருக்க வேண்டும்.

பதில் 2:
உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிமிடத்துக்கு 500 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 120 மில்லிவினாடி. 60 ஹெர்ட்ஸில் அதற்குள் ஏழு அலைகளே அடங்கும், 400 ஹெர்ட்ஸில் 48. சுருங்கும்போது தசை விறைத்தும் விரியும்போது தளர்ந்தும் இருப்பதால், துடிப்பின் எந்தக் கட்டத்தில் அளந்தது என்று குறிப்பிடாத எண்ணால் பயனில்லை. ஆகவே அதிர்வூட்டி, திசுவின் அசைவைப் படத்தில் பதியும் எம்.ஆர்.ஐ. காந்தச் சாய்வுப் புலம், இசிஜி ஆகிய மூன்றும் நேரம் பொருந்தி இயங்க வேண்டும். மூச்சசைவையும் விலக்க வேண்டும். மயக்கமருந்தான ஐசோஃபுளூரேன் துடிப்பையும் சுருங்குதிறனையும் தாழ்த்தும். அதன் அளவையும் உடல் வெப்பத்தையும் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வைத்திருங்கள். இல்லையேல் நோயால் வந்த மாற்றத்தை மயக்கமருந்தால் வந்த மாற்றத்திலிருந்து பிரிக்க முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 400 ஹெர்ட்ஸில் கிடைக்கும் எண்ணைத் தசையின் விறைப்பு என்றே எழுதலாமா?

பதில் 3:
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அலைநீளம் சுவரின் தடிமனைவிடப் பெரிதாக இருக்கும்வரை, தசையின் தன்மையோடு சுவரின் தடிமனும் வளைவும் சேர்ந்தே அலையின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. உங்கள் விலங்குகளிலோ சுவரே வாரந்தோறும் தடிக்கிறது. எனவே விறைப்பு சிறிதும் மாறாமலே வேகம் மாறக்கூடும். மூன்று திசைகளிலும் அசைவைப் பதிந்து, தடிமனைத் தனியே அளந்து, அதைக் கணக்கில் கொள்ளும் சமன்பாடுகளைக் கொண்டு விறைப்பைப் பெறுங்கள். ஆய்வின் இறுதியில் ஒவ்வொரு குழுவிலும் சில விலங்குகளிலாவது கதீட்டர் அளவீட்டையும் திசுவில் கொலாஜன் (தசையை விறைக்கச் செய்யும் நார்ப்புரதம்) அளவையும் ஒப்பிட்டுக் காட்டினால்தான் அந்த எண்ணை நான் நம்புவேன்.