மேம்பட்ட வரைகலை இடைமுக நிரலாக்கம்: இந்தப் பாடத்தில் எதை ஊன்றிப் படிக்க வேண்டும்?

கேள்வி (முதுகலை மாணவன், கோவை)

அனைவருக்கும் வணக்கம். கணினி அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் மேம்பட்ட வரைகலை இடைமுக நிரலாக்கத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். செய்முறை வகுப்பு சி++ மொழியில், கியூட்டி என்ற இடைமுகக் கருவித்தொகுப்பின் விட்ஜெட்டுகளை (பொத்தான், அட்டவணை போன்ற திரை உறுப்புகளை) கொண்டு நடக்கிறது. 50,000 வரிகளும் 12 நெடுவரிசைகளும் கொண்ட வானிலைப் பதிவுக் கோப்பைத் திறந்து, அட்டவணையாகக் காட்டி, அதில் தேடவும் வடிகட்டவும் வழிசெய்வதே எனக்குத் தரப்பட்ட திட்டப்பணி.

கியூட்டியில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டவணையான கியூடேபிள்விட்ஜெட்டில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கோப்பைத் திறந்தவுடன் சாளரம் அசையாமல் நின்றுவிட்டது. பிறகு, வரிகளைப் படிக்கும் சுழற்சிக்குள் பிராசஸ்ஈவென்ட்ஸ் அழைப்பைச் சேர்த்தேன். சாளரம் மீண்டும் அசைந்தது. ஆனால் ஒத்திகையின்போது ஆசிரியர் ‘திற’ பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அழுத்தியதும், ஒரே பதிவுகள் இரண்டிரண்டாகக் கலந்து வந்து, இறுதியில் நிரல் முறிந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேசைக் கணினிக்கான இந்தக் கருவிகள் பழையவை, இணையத்துக்கும் கைப்பேசிக்கும் இடைமுகம் எழுத உதவும் ரியாக்டோ ஃபிளட்டரோ படிப்பதே வேலைக்கு உதவும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தப் பாடத்தில் நான் செலவிடும் உழைப்பு பிறகு பயன்படுமா?

பதில் 1 (மேசைக் கணினி மென்பொருள் எழுதுபவர்)

நண்பரே, உங்கள் ஆசிரியர் அழுத்திய அந்த இரண்டாவது அழுத்தத்தில் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

இடைமுக நிரல் எதுவாயினும் அதன் அடியில் ஓர் ஈவென்ட் லூப் (நிகழ்வுகளைக் கையாளும் சுழற்சி) ஓடிக்கொண்டிருக்கும். சுட்டியின் அசைவு, விசையழுத்தம், திரையை மறுபடி வரையச் சொல்லும் கோரிக்கை எல்லாம் அதில் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கையாளப்படுகின்றன. ‘திற’ பொத்தானுக்கான உங்கள் செயற்கூறு முடிந்து திரும்பும் வரை அடுத்த நிகழ்வுக்கு முறை வராது. ஆகவே சாளரம் நின்றது. பிராசஸ்ஈவென்ட்ஸ் காத்திருக்கும் நிகழ்வுகளை உங்கள் செயற்கூற்றின் நடுவிலேயே கையாளச் சொல்கிறது. அப்படிக் கையாளப்பட்டவற்றுள் இரண்டாவது அழுத்தமும் ஒன்று என்பதால், முதல் சுழற்சி பாதியில் நிற்க, அதற்கு உள்ளேயே அதே சுழற்சி புதிதாகத் தொடங்கி, அதே அட்டவணையில் எழுதியது. பொத்தானைச் செயலிழக்கச் செய்து இதை மறைக்கலாம். ஆனால் பயனர் பாதியில் சாளரத்தை மூடினால் அதே சிக்கல் வேறு வழியில் வரும்.

சரியான வழி வேலையைப் பிரிப்பது. கோப்பைப் படிப்பது தனி த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் தனிச் செயலோட்டத்தில், நடக்கட்டும். படித்த வரிகளை ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து ஒரு சிக்னல் (கியூட்டியில் ஒரு பொருள் மற்றொன்றுக்கு அனுப்பும் அறிவிப்பு) வழியாக, ஈவென்ட் லூப் ஓடும் மெயின் த்ரெட்டுக்கு அனுப்புங்கள். வரிக்கு ஒரு சிக்னல் அனுப்பினால் 50,000 நிகழ்வுகள் வரிசையை அடைத்துக்கொள்ளும். விட்ஜெட்டுகளை மெயின் த்ரெட்டைத் தவிர வேறெங்கிருந்தும் தொடக் கூடாது. ஜாவாவின் இடைமுகத் தொகுப்பான ஸ்விங்கிலும், நிகழ்வுகளைக் கையாளும் த்ரெட்டுக்கு, இதே போன்ற கட்டுப்பாடு உண்டு.

அதோடு, கியூடேபிள்விட்ஜெட்டையே விட்டுவிடுங்கள். நீங்கள் 6 லட்சம் கட்டங்களுக்கும் தனித்தனிப் பொருள்களை உருவாக்குகிறீர்கள். திரையில் ஒரு நேரத்தில் தெரிவதோ 30 வரிகள், அதாவது 360 கட்டங்கள். கியூட்டி தரும் கியூஅப்ஸ்ட்ராக்ட்டேபிள்மாடல் என்ற அடிப்படை வகுப்பிலிருந்து உங்கள் சொந்த மாடலை (தரவை வைத்திருக்கும் பகுதியை) எழுதினால், கண்ணுக்குத் தெரியும் கட்டங்களுக்கு மட்டுமே வியூ (அட்டவணையை வரையும் பகுதி) வந்து தரவு கேட்கும். தரவையும் காட்சியையும் இப்படிப் பிரிக்கும் எண்ணத்தை கணினி அறிஞர் டிரிக்வெ ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வகுத்தார். பழையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்றைக்கும் பெரிய அட்டவணைகளை இப்படித்தான் தாங்க முடிகிறது.

பதில் 2 (கைப்பேசிச் செயலி எழுதுபவர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். நண்பர்கள் சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். 2013இல் வெளிவந்த ரியாக்ட், 2019இல் வந்த ஸ்விஃப்ட்யூஐ, 2021இல் நிலைப்பதிப்பு கண்ட ஜெட்பேக் கம்போஸ் ஆகிய இடைமுகக் கட்டமைப்புகளில், விட்ஜெட்டை நாமே தேடிப்பிடித்து மாற்றுவதில்லை. தரவின் இந்த நிலைக்குத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால், மாற்றங்களைக் கட்டமைப்பே கவனித்துக்கொள்ளும். இந்தச் சிந்தனை முறையையும் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயும் மெயின் த்ரெட் ஒன்றுதான்; நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டகத்துக்கு (திரையை ஒருமுறை வரைவதற்கு) கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான். அடிப்படை புரியாமல் வருபவர்கள் பட்டியல் உருளும்போது ஏன் தடுமாறுகிறது என்று சொல்ல முடியாமல் திணறுவதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

பதில் 3 (கல்லூரி ஆசிரியர், ஓய்வு)

தம்பி, பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு விட்ஜெட்டையாவது ஆயத்தமாகக் கிடைப்பதை எடுக்காமல் சொந்தமாக வரைந்து எழுதுங்கள். என் பரிந்துரை, தமிழை ஏற்கும் ஒற்றை வரி உரைப்பெட்டி. எளிதாகத் தோன்றும், தொடங்கினால்தான் ஆழம் தெரியும்.

‘கொடி’ என்று தட்டுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என நான்கு குறியீடுகள். ஒகரக் குறியின் கொம்பு ககரத்துக்கு இடப்பக்கத்திலும் கால் வலப்பக்கத்திலும் அமர்வதால், நினைவகத்தில் ககரத்துக்கும் ஒகரக் குறிக்கும் நடுவே ஓர் இடம் இருந்தாலும், திரையில் கர்சர் நிற்க அங்கே இடமில்லை. ஆகவே அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால் கர்சர் இரண்டு குறியீடுகளைத் தாண்ட வேண்டும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் குறி மட்டும் நீங்கி ‘க’ மிஞ்சுவதா, முழு எழுத்தும் போவதா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். தட்டச்சுப் பிழையைத் திருத்துபவருக்கு முதலாவதே வசதி என்பது என் அனுபவம். ஒவ்வொரு குறியீட்டின் அகலத்தையும் கூட்டிக் கர்சரின் இடத்தைக் கணக்கிட்டால் தவறாகும். எழுத்துகளைத் திரையில் அடுக்கும் கியூட்டியின் கியூடெக்ஸ்ட்லேஅவுட்டிடம் கேட்டுப் பெறுங்கள். விசையழுத்த நிகழ்வை மட்டும் நம்பாமல், உள்ளீட்டு முறையின் (விசைகளை எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருளின்) நிகழ்வையும் கையாளுங்கள். தமிழ் விசைப்பலகைகள் பலவும் அந்த வழியாகத்தான் எழுத்தை அனுப்புகின்றன.

வரையும்போது, உடனே வரையச் செய்யும் ரீபெயிண்டை அழைக்காமல், வரையக் கோரிக்கை மட்டும் வைக்கும் அப்டேட்டை அழைக்கப் பழகுங்கள். அடுத்தடுத்து வரும் அப்டேட் கோரிக்கைகள் சேர்ந்து ஒரே வரைதலாக முடியும்.

கேள்வி கேட்டவர், இரண்டு வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொந்த மாடலுக்கு மாறியபின் அட்டவணை உடனே திறக்கிறது. ‘திற’ பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் வரிகள் கலப்பதில்லை. தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் வடிகட்டியதால் தடுமாற்றம் இருந்தது. தட்டுவது நின்று 200 மில்லிநொடி கழித்து வடிகட்டும்படி ஒரு டைமர் வைத்தவுடன் அதுவும் தீர்ந்தது. காரணத்தை ஆசிரியரிடம் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன்.

உரைப்பெட்டியையும் எழுதிவிட்டேன் ஐயா. ‘கொடி’ சரியாக இயங்குகிறது. ஆனால் ‘பக்ஷி’ என்று தட்டினால், ஒரே எழுத்தாகத் தெரியும் ‘க்ஷி’யின் நடுவில் கர்சர் போய் நிற்கிறது. இது என் பிழையா?

பதில் 3 மீண்டும்

உங்கள் பிழை இல்லை. யூனிகோடின் பொதுவான எழுத்துப் பிரிப்பு விதி தமிழில் புள்ளிக்குப் பின் வெட்டிவிடும்; க் ஒரு கூறு, ஷி இன்னொரு கூறு. ‘பக்கம்’ என்ற சொல்லுக்கு அது சரி. ‘க்ஷ’ கூட்டெழுத்தாக வரையப்படுவதால் அங்கே பொருந்தவில்லை. க, புள்ளி, ஷ ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அவற்றையும் தொடரும் உயிர்க்குறியையும் ஒரே கூறாகக் கொள்ளும்படி உங்கள் நிரலில் ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ரீ’யையும் சோதித்துப் பாருங்கள்.