எல்எஸ்3 மாற்றிய வண்டியில் பி2135: திராட்டில் வயரிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஈ38 ஈசிஎம்மோடு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஜிஎம்மின் எல்எஸ்3 வி8 எஞ்சின் ஏற்றிய பழைய வண்டி. ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலும் சீராக நிற்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் உடனே லிம்ப் மோடு (பாதுகாப்புக்காக ஈசிஎம் பவரைக் குறைத்துவிடும் நிலை), கோடு பி2135, அதாவது திராட்டிலின் இரண்டு சென்சார் சிக்னல்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பெடல் சரியாகத்தான் இருக்கிறது. பெடல் சென்சார்கள் பொருந்தாவிட்டால் வரும் பி2138 கோடு வரவில்லை, ஸ்கேனரில் முதல் சென்சார் சுமார் 1 வோல்ட்டிலிருந்து 4 வரை ஏறுகிறது, இரண்டாவது எப்போதும் அதில் பாதி.

சிக்கல் திராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) கனெக்டரில். அதன் இரண்டு சென்சார் சிக்னல்களும் எதிரெதிராக நகரும், கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஃபேன் ஓடாதபோது அப்படியே இருக்கிறது, ஓடினால் 5.3. அதே நேரம் லோ ரெஃபரன்ஸ் வயருக்கும் (சென்சாருக்கான தனி கிரவுண்ட்) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.3 வோல்ட் காட்டுகிறது. வயரிங் செய்தவர் அந்த வயரை எஞ்சின் கிரவுண்டோடு சேர்த்து முறுக்கியிருக்கிறார். அது நேராக ஈசிஎம்முக்குப் போக வேண்டிய வயர், அதனால் என் சந்தேகம் அங்கேதான்.

பேட்டரியைக் கழற்றி மாட்டி, இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் 30 விநாடி விட்டு ரீலேர்னும் (ஈசிஎம் திராட்டில் நிலையை மறுபடி கற்றுக்கொள்வது) செய்தாயிற்று. பலனில்லை.

அந்த இணைப்பை வெட்டிப் பிரித்தால் மட்டும் போதுமா, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் கேபிளும் கூடுதலாகப் போட வேண்டுமா? தவறான இணைப்பால் ஈசிஎம்முக்குள் லோ ரெஃபரன்ஸ் பாதை எரிந்திருந்தால் எப்படிச் சோதிப்பது?