குளுக்கோனேட்டிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கும் நொதிக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

உயிர்வேதியியல் பாடநூலின் சர்க்கரை அமில இயலை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோனேட் 5-டிஹைட்ரஜனேஸ் என்ற பெயரில் மூன்று நாளாக நிற்கிறேன். குளுக்கோஸிலிருந்து வரும் சர்க்கரை அமில அயனியான குளுக்கோனேட்டின் ஐந்தாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதி, ஹைட்ரஜனை இழந்து கீட்டோ (C=O) தொகுதியாகிறது. 'குளுக்கோனேட் 5-ஹைட்ரஜன்நீக்கி' என்றால், ஐந்து ஹைட்ரஜனை நீக்குவது என்றே மாணவர் படிப்பார். போதாக்குறைக்கு, 'ஹைட்ரஜன்நீக்கி வினைபுரியும்போது' என்ற தொடரில் 'நீக்கி' வினையெச்சமாக மயங்குகிறது. 'ஐந்தாமிட ஹைட்ரஜன்நீக்குநொதி' எனலாமா?

*

அன்பரே, வினைத்தொகையாக்கியது நன்று; ஆனால் ஹைட்ரஜன் எதற்கு? நீரை ஆக்குவது என்பதே அதன் கிரேக்க மூலப்பொருள். நமக்கு நீரகம் என்ற சொல் இருக்கிறது. 'ஏஸ்' என்ற ஈறோ, 1833-இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பாயெனும் பெர்சோவும் பிரித்தெடுத்த, மாவுச்சத்தைச் சிதைக்கும் டயஸ்டேஸின் வாலை அறுத்துப் பிற நொதிகளுக்கெல்லாம் ஒட்டியது. பொருளற்ற வாலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கடன் வாங்குவது என்ன முறை? வடவெழுத்தை ஒருவச் சொன்ன தொல்காப்பியரை ஹகரமும் ஜகரமும் ஒரே சொல்லில் வந்து சோதிக்க வேண்டாம். 'நீரகநீக்குநொதி' என்றே எழுதுங்கள்.

*

ஐயா, நான் இப்பாடத்தை நடத்துகிறவள். அதே இயலில் குளுக்கோனேட் டிஹைட்ரடேஸும் வருகிறது. அது குளுக்கோனேட்டிலிருந்து ஒரு நீர் மூலக்கூற்றைக் கழற்றுவது. அதை நீர்நீக்குநொதி என்றும் இதை நீரகநீக்குநொதி என்றும் வைத்தால், விடைத்தாளில் எது அறியாமை, எது எழுத்துப்பிழை என்று நான் எப்படிப் பிரிப்பேன்? இன்னொன்று: ஈ.கோலை பாக்டீரியம், ஐடோனேட் என்ற இன்னொரு சர்க்கரை அமிலத்தைச் சிதைக்கும் வழியில், இதே வினையை எதிர்த்திசையில் நடத்தி, 5-கீட்டோகுளுக்கோனேட்டுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்துக் குளுக்கோனேட் ஆக்குகிறது; அங்கே நொதியின் பெயர் ரிடக்டேஸ். நீக்குவது என்று பெயரிட்டபின், சேர்ப்பதை எப்படி விளக்குவது? ஹைட்ரஜன் மாற்றுநொதி எனலாமே.

*

அம்மா, திசைச் சிக்கலுக்கு அது பொருந்தும்தான். ஆனால் தொகுதிகளை ஒரு மூலக்கூற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் இரண்டாம் வகுப்பு நொதிகளுக்கு 'மாற்றுநொதி'யை முந்தைய இயலிலேயே கொடுத்துவிட்டேன். இது ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைகளை நடத்தும் முதல் வகுப்பைச் சேர்ந்தது. மூலநூலும் ஒரு திசையைத்தான் பெயரில் வைத்திருக்கிறது. இது மீள்வினை என்பதை அடிக்குறிப்பில் விளக்கிவிடுகிறேன். நீரகம், நீர் என்ற மயக்கத்துக்கு ஐயாவிடமிருந்து மறுமொழி வரவில்லை. தனிமடலில் எழுதிய மூவரும் 'ஹைட்ரஜன்நீக்குநொதி'க்கு இசைந்திருப்பதால் அதையே அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள். என் உடன்பாடு அதற்கில்லை. சொல்லடைவில் நீரகத்துக்கு ஒரு பிறைக்குறியாவது ஒதுக்குங்கள்.