ஊட்டி ஏற்றத்தில் வேர்வை, இறக்கத்தில் குளிர்: உள்ளே என்ன போடுவது, மேலே என்ன போடுவது?

சிறுமுகை_சைக்கிள்:
எல்லோருக்கும் வணக்கம். மார்கழி, தை மாதங்களில் விடியும் முன்பே மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி வழியாக ஊட்டி ஏறி, குன்னூர் வழியாக இறங்குவது எங்கள் குழுவின் வழக்கம். கீழே அரைக்கை ஜெர்சியே போதும். குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் குளிர ஆரம்பிக்கும், விண்ட்சீட்டரை மாட்டிக்கொள்வேன். கோத்தகிரி வருவதற்குள் உள்ளே முழுக்க நனைந்துவிடும், கைப்பகுதி தோலோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டபெட்டா பிரிவில் டீ குடிக்க நின்றால் அந்த ஈரம் அப்படியே ஜில்லிட்டுப் போகிறது. அங்கிருந்து இறங்கும்போது பல் கிட்டுகிறது, பிரேக் பிடிக்க விரல் மடங்குவதில்லை. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உள்ளே சாதாரண காட்டன் பனியன்தான் போடுகிறேன். கடையில் ‘பிரீத்தபிள், 10,000’ என்று அட்டை தொங்கும் ஜாக்கெட் பார்த்தேன், விலை ரொம்ப அதிகம். அவ்வளவு கொடுத்து வாங்கலாமா?

வெலிங்டன்_வாசி:
தம்பி, ஜாக்கெட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் இந்த மலையிலேயே ஓட்டுகிறவன், இரண்டு விஷயம் சொல்கிறேன். ஜிப்லாக் கவரில் காய்ந்த பனியன் ஒன்று எடுத்து வாருங்கள். ஊட்டியில் டீக்கு முன்னால் ஈரத்தைக் கழற்றி அதை மாற்றுங்கள், டீ அப்புறம். இன்னொன்று, டீக்கடையில் பழைய நியூஸ்பேப்பர் கேட்டு வாங்கி நாலாக மடித்து நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். டூர் டி பிரான்ஸில் மலை உச்சியில் நிற்கிற ஜனங்கள் கையிலிருந்து பேப்பர் வாங்கிச் செருகிக்கொண்டுதான் அந்தக் காலத்து வீரர்கள் இறங்குவார்கள். எல்லநள்ளி, அருவங்காடு பக்கம் நிழலில் அடிக்கிற காற்றை அது நன்றாகவே தடுக்கும். முழுவிரல் கிளவுஸ் கட்டாயம்.

திருப்பூர்_நிட்டிங்:
துணிதான் என் தொழில், சைக்கிளும் ஓட்டுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் காட்டன் பனியனை விடுங்கள். பருத்தியை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் ஊரே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் பருத்தி நார் தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. பாலியெஸ்டர் நார் தன் எடையில் ஒரு சதவீதம்கூடக் குடிக்காது. வேர்வை நூலின் இடுக்குகள் வழியே வெளிப்பக்கம் ஏறி, பரந்து, காய்ந்துவிடும். தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். தொட்டபெட்டாவில் உங்களுக்கு நடப்பது அதுதான்.

கடையில் நின்றபடியே சோதிக்கலாம். துணியின் உட்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் வேண்டாம். உடனே உள்ளே இறங்கி, திருப்பிப் பார்த்தால் வெளிப்பக்கம் அதைவிடப் பெரிய வட்டமாகப் பரந்திருந்தால் நல்ல துணி. பொடிக்கண் வைத்த மெஷ், 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கம் இருந்தால் போதும். உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும். தொளதொளவென்று தோலைத் தொடாமல் தொங்கும் துணி வேர்வையை எடுக்காது.

இப்போது ஜாக்கெட். அந்த 10,000 என்பது ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்ற ஆய்வகக் கணக்கு. மணிக்குச் சுமார் 415 கிராம். மூச்சு வாங்க ஏறும்போது நமக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வேர்க்கும். போதாதற்கு, உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. கோத்தகிரி மூடுபனிக்குள் வெளிக்காற்றே ஈரத்தில் நிரம்பி நிற்கும், அங்கே எந்த மெம்பரேனும் (தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மெல்லிய படலம்) திணறும். அதனால் ஏறும்போது போட்டுக்கொள்ள அந்த ஜாக்கெட் வேண்டவே வேண்டாம்.

ஏறும்போது வேகம் மணிக்கு 8, 10 கிலோமீட்டர். காற்று ஒரு பொருட்டில்லை, உடம்பே அடுப்பு. ஜெர்சியும் கழற்றக்கூடிய கை உறையும் போதும். லேசாகக் குளிர்கிற மாதிரி இருக்கும்போதே ஏறுங்கள், ஜிப்பைத் திறந்து விடுங்கள். இறங்கும்போது கதை வேறு. 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்புக்கு அது மைனஸ் 1 மாதிரி. அப்போது முன்பக்கம் காற்றைத் தடுக்கும் துணியும் முதுகில் மெஷ்ஷும் வைத்த கையில்லாத ஜிலே ஒன்று போதும். சுருட்டினால் ஜெர்சிப் பையில் அடங்கும். வாங்கும்போது முன்பக்கத்தை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு மறுபக்கம் வரக்கூடாது.

சிறுமுகை_சைக்கிள்:
ரொம்ப நன்றி அண்ணா, கணக்கோடு சொன்னதும் தெளிவாகிவிட்டது. மெரினோ கம்பளி பனியன் நல்லது என்கிறார்களே, நம் மலைக்கு அது தேவையா? மழை வந்தால் என்ன செய்வது?

கோத்தகிரி_தேயிலை:
மெரினோ நான் போடுகிறேன் அண்ணா, அதனால் சொல்கிறேன். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்த உணர்வு வராது, நாற்றமும் அடிக்காது. ஆனால் பாலியெஸ்டரைவிட மெதுவாகக் காயும், விலையும் அதிகம். காலை ஆறு மணிக்கு இங்கேயே வீட்டிலிருந்து கிளம்பும் என்னைப் போன்றவர்களுக்குச் சரி. உங்களுக்குக் கீழே 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஏறி முடிப்பதற்குள் 12 டிகிரி வரை வித்தியாசம் வரும். வேர்த்து ஏறுகிற உங்களுக்குத் திருப்பூர் அண்ணன் சொன்ன மெஷ்தான் பொருந்தும். ஊட்டியில் சாலையோரம் விற்கும் ஸ்வெட்டரைக் கம்பளி என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அக்ரிலிக் நிறைய கலந்து வருகிறது.

மழைக்கு மட்டும் மெம்பரேன் ஜாக்கெட் வேண்டும் என்பேன், அதுவும் இறக்கத்தில். நனைந்த உடம்போடு பர்லியாறு வரை இறங்குவது ஆபத்து.

திருப்பூர்_நிட்டிங்:
மழை இறக்கத்துக்கு ஜாக்கெட், ஒத்துக்கொள்கிறேன். அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். ஒன்று சொல்ல விட்டுப்போனது: வாங்கிய மெஷ் பனியனை வாசனைக்காக சாஃப்ட்னரில் முக்காதீர்கள். அது நூலின் மேல் மெழுகுப் படலம் போலப் படிந்து, வேர்வை ஏறுகிற வழியை அடைத்துவிடும். சாதாரண சோப்புத் தூள் கொஞ்சம், நல்ல தண்ணீரில் இரண்டு அலசு, நிழலில் உலர்த்தல். ஏற்கெனவே சாஃப்ட்னர் போட்டிருந்தால் வெந்நீரில் சில தடவை அலசிவிட்டு அதே சொட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள்.